ஒரே நொதியம், வேறு வேறு ஆளிகள்: மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

திருகோணமலையிலிருந்து ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பல வருடம். மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தினமும் ஒரு லெட்ரசோல் குளிசை போடுகிறார். சித்திக்கு 43 வயது. அவருக்கும் ஓமோன் வாங்கி (ஓமோன் ஒட்டும் புரதம்) உள்ள கட்டிதான், ஆனால் கொடுத்திருப்பது தமொக்சிபென். “சூலகம் ஓய்ந்துபோன அம்மாவின் உடம்பில் ஈஸ்ட்ரஜனைச் செய்வது எது? புற்றுநோய்க் கலம் தானே செய்கிறதா? அந்த நொதியங்களைக் கூட்டுவதும் குறைப்பதும் எது? அம்மாவின் குளிசையையே சித்தியும் போட்டால் என்ன?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடக் கூடாது. சூலகம் இன்னும் வேலைசெய்யும் ஒருவர் லெட்ரசோலைத் தனியாகப் போட்டால், சூலகம் அடங்குவதற்குப் பதிலாகத் தூண்டப்படும். பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் பெண்களுக்கு முட்டை முதிர்வதற்காக மாதவிடாயின் 3ஆம் நாளிலிருந்து ஐந்து நாட்களுக்கு 2.5 முதல் 7.5 மி.கி. வரை கொடுப்பதும் இதே லெட்ரசோல்தான். ஒரே மருந்து ஓரிடத்தில் ஈஸ்ட்ரஜனை வற்றச் செய்கிறது, இன்னோரிடத்தில் சூலகத்தை எழுப்புகிறது. இதற்கான காரணம் நொதியத்தில் இல்லை, அந்த நொதியத்தை இயக்கும் ஆளிகளில் (சுவிட்சுகளில்) இருக்கிறது.

நொதியத்தின் பெயர் அரோமற்றேஸ். கலத்தின் அகமுதலுருச் சிறுவலையில் பதிந்திருக்கும், 503 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். நடுவில் ஹீம் இரும்பு. அன்ட்ரோஸ்டீன்டையோனை ஈஸ்ட்ரோனாகவும், டெஸ்டோஸ்டெரோனை ஈஸ்ட்ரடையோலாகவும் மாற்றுகிறது. மூன்று படிகளில் ஒட்சியேற்றி, 19ஆம் இலக்கக் காபனைப் போமிக் அமிலமாகக் கழற்றி, முதல் வளையத்தை அரோமற்றிக் வளையமாக்குகிறது. ஒரு மூலக்கூறு ஈஸ்ட்ரஜனுக்கு மூன்று மூலக்கூறு ஒட்சிசனும், என்ஏடிபிஎச் என்ற தாழ்த்தும் துணைப்பொருளில் மூன்று மூலக்கூறும் செலவாகின்றன. மூலப்பொருளான அன்ட்ரஜன்களில் பெரும்பகுதி அதிரீனற் சுரப்பியிலிருந்து வருகிறது. சூலகம் ஓய்ந்தாலும் அதிரீனல் ஓய்வதில்லை. ஆகவே உங்கள் அம்மாவின் உடம்பில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. அதை ஈஸ்ட்ரஜனாக்கும் இடங்கள்தான் மாறிவிட்டன: கொழுப்பிழையம், தோல், தசை, என்பு, மார்பகம்.

இந்த நொதியத்துக்கு உரிய பரம்பரையலகு சிவைபி19ஏ1, 15ஆவது நிறமூர்த்தத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 123 ஆயிரம் காரச்சோடிகள். அதில் புரதத்துக்கான செய்தி உள்ள பகுதி சுமார் 30 ஆயிரம் மட்டுமே. மிச்சம் 93 ஆயிரமும் அதற்கு முன்னால் நீண்டு கிடக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி. புரமோட்டர் என்று சொல்லப்படும் பல ஆளிகள் அங்கே தூரம் தூரமாக அமைந்திருக்கின்றன. சூல்வித்தகத்துக்கான 1.1 என்ற ஆளி மிகத் தொலைவில், ஏறத்தாழ 89 ஆயிரம் காரச்சோடிகளுக்கு அப்பால் உள்ளது. கொழுப்புக்கும் தோலுக்கும் உரிய 1.4 அதைவிடச் சற்றுக் கிட்ட. குருதிக்கலன் உட்சுவருக்கு 1.7. சூலகம் பயன்படுத்தும் 2ஆம் ஆளி புரதச் செய்தியின் வாசலிலேயே உள்ளது. 1.3 அதற்கு அண்டையில். எந்த ஆளியைப் போட்டாலும் வரும் புரதம் ஒன்றுதான், ஏனென்றால் ஒவ்வொரு ஆளியும் சேர்க்கும் முதல் துண்டு புரதமாக மொழிபெயர்க்கப்படுவதில்லை. மாறுவது எந்தச் சைகைக்கு, எவ்வளவு, எப்போது என்பதுதான்.

நோயில்லாத மார்பகக் கொழுப்பில் வேலைசெய்வது 1.4. அது மெதுவான ஆளி. கோட்டிசோல் இருக்க வேண்டும், கூடவே இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 11 போன்ற அழற்சிச் சைகைகளும் வேண்டும். அவை ஜாக், ஸ்டாட் என்ற புரதங்களின் வழியாக உட்கருவுக்குப் போகின்றன. டிஎன்எஃப் ஆல்பா என்ற இன்னொரு அழற்சிச் சைகை வேறு வழியால் அதே இடத்துக்குச் சேர்கிறது. இத்தனை இருந்தும் உற்பத்தி குறைவுதான்.

கட்டி வந்ததும் ஆளி மாறுகிறது. கட்டியும் அதைச் சுற்றியுள்ள கலங்களும் கொக்ஸ்-2 என்ற நொதியத்தைக் கூட்டி, புரொஸ்டாகிளான்டின் இ2 என்ற பொருளை அதிகமாகச் சுரக்கின்றன. அது அயலிலுள்ள நார்க்கலங்களின் மேற்பரப்பு வாங்கிகளில் ஒட்டி, உள்ளே சைக்கிளிக் ஏஎம்பியை உயர்த்துகிறது. அதனால் புரதக் கைனேஸ் ஏ விழித்து, கிரெப் என்ற புரதத்துக்குப் பொஸ்பேற்று ஏற்றுகிறது. கிரெப்பும் எல்ஆர்எச்-1 என்ற உட்கரு வாங்கியும் சேர்ந்து 1.3, 2 ஆகிய ஆளிகளைப் போடுகின்றன. இந்த 2ஆம் ஆளி சூலகத்துக்குரியது. சூலகத்தில், கபச்சுரப்பி சுரக்கும் எஃப்எஸ்எச் என்ற ஓமோன் இதே சைக்கிளிக் ஏஎம்பி வழியால் இதே ஆளியைப் போடுகிறது. சூலகம் ஓய்ந்த பிறகு, எஃப்எஸ்எச்சின் கட்டளை எதுவும் இல்லாமலே, மார்பகத்தில் ஒரு மூலை சூலகத்தைப்போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் இரத்தத்தில் ஈஸ்ட்ரடையோல் மிகக் குறைந்திருக்கும்போதும், கட்டி இழையத்துக்குள் அதன் செறிவு 10 முதல் 20 மடங்கு உயர்ந்து காணப்படுவது இந்த உள்ளூர் உற்பத்தியாலும், இனிக் கீழே வரும் மற்ற நொதியங்களாலும்தான்.

“புற்றுநோய்க் கலம் தானே செய்கிறதா?” என்று கேட்டீர்கள். பாடக்குறிப்புகள் பெரும்பாலும் ஆம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அரோமற்றேசைப் பொறுத்தவரை, பெரும்பங்கு கட்டியைச் சுற்றியுள்ள நார்க்கலங்களுடையது. கட்டிக் கலங்களிலும் நொதியம் காணப்பட்டிருக்கிறது, ஆனால் அளவு குறித்து ஆய்வாளர்களுக்குள் இழுபறி உண்டு. அதற்கு ஒரு காரணம் அன்டிபொடிகள். சில அன்டிபொடிகள் அரோமற்றேஸ் அல்லாததையும் நிறமேற்றிக் காட்டும். மாறாகக் கட்டிக் கலம் செய்யும் தந்திரம் தெளிவாகத் தெரியும்: டிஎன்எஃப் ஆல்பாவையும் இன்டர்லூக்கின் 11ஐயும் சுரந்து, அயலிலுள்ள முன்கொழுப்புக் கலங்கள் முதிர்ந்த கொழுப்புக் கலங்களாக மாறவிடாமல் தடுக்கிறது. முதிர்ந்த கொழுப்புக் கலத்தில் அரோமற்றேஸ் குறைவு, முதிராத நார்க்கலத்தில் அதிகம். கையில் கல்லைப்போல் தட்டுப்படும் கட்டியின் கடினத்துக்குக் காரணமான அந்த நார்ப்படைதான் கட்டிக்கு ஈஸ்ட்ரஜன் ஊட்டும் படையும்.

உடற்பருமன் இந்தக் கதைக்குள் வருவது இரண்டு வழியால். கொழுப்பு கூடினால் நொதியம் இருக்கும் இடமும் கூடும் என்பது ஒன்று. மற்றது இன்னும் முக்கியம். ஊதிப்பெருத்துச் சாகும் கொழுப்புக் கலத்தைச் சுற்றி மக்ரோபேஜ்கள் என்ற விழுங்கு கலங்கள் கிரீடம்போல வளையமிட்டு நிற்கும். அங்கே அழற்சி, அதனால் கொக்ஸ்-2, அதனால் புரொஸ்டாகிளான்டின், அதனால் மேற்சொன்ன ஆளி. இதன் தடையும் கலத்துக்குள்ளேயே உண்டு. எல்கேபி1, ஏஎம்பிகே என்ற இரு கைனேஸ்கள், கிரெப்புக்குத் துணைபோகும் சிஆர்டிசி2 என்ற புரதத்தை உட்கருவுக்கு வெளியே நிறுத்திவைக்கின்றன. கொழுப்பிழையம் சுரக்கும் ஓமோன்களில் லெப்டின், புரொஸ்டாகிளான்டினோடு சேர்ந்து, அந்தத் தடையைத் தளர்த்துகிறது, அடிப்பொனெக்டின் இறுக்குகிறது. பருத்த உடம்பில் லெப்டின் உயர்வு, அடிப்பொனெக்டின் தாழ்வு.

இதைப் படித்ததும் எவருக்கும் தோன்றுவது: ஏஎம்பிகேயை எழுப்பும் மெட்போமினைக் கொடுத்தால் என்ன, கொக்ஸ்-2ஐத் தடுக்கும் செலிகொக்சிப்பைக் கொடுத்தால் என்ன? இரண்டையும் செய்து பார்த்துவிட்டார்கள். நீரிழிவு இல்லாத 3649 பேரைச் சேர்த்த எம்ஏ.32 பரீட்சார்த்தத்தில் 850 மி.கி. மெட்போமினை நாளுக்கு இரு தடவை ஐந்து வருடம் கொடுத்தும் நோய் திரும்புவது குறையவில்லை. முடிவு 2022 இல் வெளியானது. செலிகொக்சிப்பை 400 மி.கி. வீதம் இரண்டு வருடம் கொடுத்த ரியாக்ட் பரீட்சார்த்தமும் அப்படியே முடிந்தது. வளர்ப்புக் கலத்தில் ஆளியை அணைப்பது ஒன்று, பல ஆளிகள் உள்ள உடம்பில் உற்பத்தியை நிறுத்துவது வேறொன்று. நீரிழிவுக்காக மெட்போமின் போடுகிறவர் போடட்டும், புற்றுநோய்க்கென்று வாங்கிப் போட வேண்டியதில்லை. எந்த ஆளியால் வந்தாலும் நொதியத்தையே பிடித்து அடைக்கும் மருந்துகள் இவற்றைவிட நன்றாக வேலைசெய்வதற்குக் காரணமும் இதுதான்.

ஆளிகளுக்கு மேல் இன்னொரு வேகமான கட்டுப்பாடும் உண்டு. செய்யப்பட்ட நொதியத்தின் 361ஆம் இடத்திலுள்ள தைரோசினில் சார்க் என்ற கைனேஸ் பொஸ்பேற்று ஏற்றினால் அதன் வேகம் கூடுகிறது. பிடிபி1பி என்ற நொதியம் அதைக் கழற்றுகிறது. ஈஸ்ட்ரடையோலே சார்க்கைத் தூண்டுவதால், விளைபொருள் தன் உற்பத்தியைத் தானே கூட்டிக்கொள்கிறது. பரம்பரையலகு வழியான மாற்றத்துக்கு மணித்தியாலங்கள் தேவை, இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அரோமற்றேசை மட்டும் படித்தால் கணக்கு முழுமையாகாது. மாதவிடாய் நின்ற பெண்ணின் இரத்தத்தில் அதிகமாகச் சுற்றும் ஈஸ்ட்ரஜன் வடிவம் ஈஸ்ட்ரோன் சல்பேற்று. வாங்கியில் ஒட்டாத, நீரில் கரையும், பல மணித்தியாலம் தங்கும் ஒரு சேமிப்பு. ஸ்டீரொயிட் சல்பற்றேஸ் என்ற நொதியம் அதிலிருந்து சல்பேற்றைக் கழற்றி ஈஸ்ட்ரோனை விடுவிக்கிறது. மார்பகக் கட்டிகளில் இதன் செயற்பாடு அரோமற்றேசைவிட 50 முதல் 200 மடங்கு என்று அளவிட்டிருக்கிறார்கள். எதிர்த்திசையில் சல்பேற்றை ஏற்றி அடக்கிவைக்கும் நொதியம் எஸ்யூஎல்டி1இ1. இயல்பான மார்பகக் கலங்களில் இருக்கும் இது பல புற்றுநோய்க் கலங்களில் குறைந்துவிடுகிறது. திறப்பவன் கூடி, பூட்டுபவன் குறைந்தால் முடிவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. சல்பற்றேசுக்கு ஒரு வினோதமும் உண்டு: அதன் 75ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனை இன்னொரு நொதியம் போமைல்கிளைசீனாக மாற்றாவிட்டால் அது வேலையே செய்யாது. இதைத் தடுக்கும் இரோசுஸ்டற் மனிதரில் பரிசோதிக்கப்பட்டது, ஆனால் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

விடுபட்ட ஈஸ்ட்ரோன் வலுக்குறைந்தது. அதை வலுவான ஈஸ்ட்ரடையோலாக மாற்றுவது 17 பீட்டா எச்எஸ்டி என்ற நொதியத்தின் 1ஆம் வகை, திருப்பி ஈஸ்ட்ரோனாக்குவது 2ஆம் வகை. இங்கே கட்டுப்பாடு பரம்பரையலகின் கையில் மட்டுமில்லை. முதலாவது என்ஏடிபிஎச்சையும், இரண்டாவது என்ஏடி என்ற ஒட்சியேற்றும் துணைப்பொருளையும் பாவிக்கின்றன. கலத்துக்குள் என்ஏடிபிஎச் எப்போதும் தாழ்த்தப்பட்ட பக்கம் சாய்ந்தும், என்ஏடி ஒட்சியேறிய பக்கம் சாய்ந்தும் இருப்பதால், ஒவ்வொன்றும் தன் திசையிலேயே ஓடுகிறது. நோயற்ற மார்பகத்தில் 2ஆம் வகை மேலோங்கியிருக்கும். பல கட்டிகளில் அது மறைந்து 1ஆம் வகை எஞ்சுகிறது. இந்த இரண்டு சோடி நொதியங்களில் சல்பற்றேசும் 1ஆம் வகை எச்எஸ்டியும் கட்டிக் கலங்களுக்குள்ளேயே நன்றாகக் காணப்படுகின்றன. ஆகவே உங்கள் கேள்விக்கு முழுப் பதில்: அரோமற்றேஸ் பெரும்பாலும் அயலில், கடைசிப் படிகள் கட்டிக் கலத்தின் உள்ளே.

வளாகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காக இதை அளக்க நினைக்கிறீர்கள் என்று கேள்வியின் போக்கில் தெரிகிறது. அரோமற்றேஸ் செயற்பாட்டை அளக்கும் பழைய, நம்பகமான முறை: 1 பீட்டா இடத்தில் திரிட்டியம் ஏற்றிய அன்ட்ரோஸ்டீன்டையோனைக் கலங்களுக்குக் கொடுப்பது. வளையம் அரோமற்றிக் ஆகும்போது அந்தத் திரிட்டியம் நீராக வெளியேறும். மிச்ச ஸ்டீரொயிட்டைக் குளோரபோமாலும், டெக்ஸ்ட்ரான் பூசிய கரித்தூளாலும் அகற்றி, நீரில் எஞ்சியதை எண்ணுவார்கள். ஆளிகளைப் பிரித்தறிய, 1.4இன் முதல் துண்டுக்கும் 2இன் முதல் துண்டுக்கும் தனித்தனிப் பிரைமர் வைத்து ஆர்என்ஏயை அளக்க வேண்டும். மார்பகக் கொழுப்பு நார்க்கலங்களில் 1.4ஐத் தூண்ட டெக்சாமெதசோன் 250 நனோமோலும் டிஎன்எஃப் ஆல்பா மில்லிலீற்றருக்கு 5 நனோகிராமும், 2ஆம் ஆளியைத் தூண்ட போஸ்கொலின் 25 மைக்ரோமோலும் பிஎம்ஏ 4 நனோமோலும் வழக்கம். பிழைக்கும் இடங்கள் பெரும்பாலும் வளர்ப்பூடகத்தில்தான். பீனோல் ரெட் நிறப்பொருளில் ஈஸ்ட்ரஜன்போல நடக்கும் மாசு உண்டு, கன்றுச் சீரத்தில் ஸ்டீரொயிட்டுகள் உண்டு. நிறமற்ற ஊடகமும் கரித்தூளால் வடித்த சீரமும் பாவிக்காவிட்டால் கட்டுப்பாட்டுக் கிண்ணமே தூண்டப்பட்டிருக்கும். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்க் கலவரிசையில் இயற்கையான அரோமற்றேஸ் மிகக் குறைவு என்பதால், அதில் “மூலிகை அரோமற்றேசைத் தடுத்தது” என்று வரும் பல முடிவுகளை நம்ப முடியாது. அந்த நொதியத்தைப் புகுத்திய கலவரிசை தேவை, அல்லது நார்க்கலங்கள் தேவை.

இனிக் குளிசைகள். லெட்ரசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரசோல் 1 மி.கி. இரண்டும் ஹீம் இரும்பில் ஒட்டி, மருந்து விலகினால் நொதியம் மறுபடி வேலைசெய்யும் வகை. எக்செமெஸ்டேன் 25 மி.கி. ஸ்டீரொயிட் வடிவில் உள்ளே போய், நொதியத்தோடு நிரந்தரமாகப் பிணைந்து, அதை அழிவுக்கும் அனுப்புகிறது. மூன்றுமே உடம்பு முழுவதிலும் நடக்கும் ஈஸ்ட்ரஜனாக்கத்தை 97 சதவீதம் அல்லது அதற்கு மேல் நிறுத்துகின்றன.

சித்தியின் விஷயத்துக்கு வருவோம். அவருடைய மூளையும் கபச்சுரப்பியும் ஈஸ்ட்ரஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. லெட்ரசோல் அதைக் குறைத்த உடனே எஃப்எஸ்எச்சும் அதன் சோடி ஓமோனான எல்எச்சும் ஏறும். எஃப்எஸ்எச் புதிய முட்டைப்பைகளை வளர்த்து, அவற்றில் 2ஆம் ஆளியை முழுப்பலத்தோடு போடும். புதிதாக உற்பத்தியாகும் நொதியத்தின் அளவு மருந்தை மிஞ்சிவிடும். அம்மாவுக்கு எஃப்எஸ்எச் ஏற்கனவே உச்சத்தில் இருந்தாலும், அதைக் கேட்க முட்டைப்பை இல்லை. எனவே சித்திக்கு இரண்டு வழி. ஒன்று தமொக்சிபென் 20 மி.கி.: இது உற்பத்தியைத் தொடுவதில்லை, வாங்கியை மறிக்கிறது. மற்றது கோசெரெலின் 3.6 மி.கி. ஊசியை 28 நாளுக்கு ஒருதடவை போட்டு சூலகத்தை அடக்கிவிட்டு, அதன்மேல் அரோமற்றேஸ் நிரோதி (லெட்ரசோல் போன்ற, நொதியத்தை அடைக்கும் மருந்து) கொடுப்பது. நோய் திரும்பும் வாய்ப்புக் கூடியவர்களுக்கு இரண்டாவது வழி மேல் என்பதை சொஃப்ட், டெக்ஸ்ட் பரீட்சார்த்தங்கள் காட்டின. எது பொருந்தும் என்பது கட்டியின் அளவு, தரம், நிணநீர்க்கணு ஆகியவற்றைப் பார்த்துப் புற்றுநோய் மருத்துவர் தீர்மானிப்பது. இரண்டையும் சேர்த்தால், அதாவது தமொக்சிபெனையும் லெட்ரசோலையும் ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பலன் என்று நினைக்க வேண்டாம்: தமொக்சிபென் இரத்தத்தில் லெட்ரசோலின் அளவைச் சுமார் 38 சதவீதம் குறைக்கிறது.

கீமோ முடிந்து மாதவிடாய் நின்றுபோன 40களிலுள்ள பெண்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மாதவிடாய் வரவில்லை என்பது சூலகம் ஓய்ந்தது என்பதற்குச் சான்றில்லை. அவர்களுக்கு நிரோதியைத் தொடங்கினால் சூலகம் விழித்துக்கொள்ளலாம், கருத்தரிக்கவும் கூடும். ஊசி போட்டாலும் சிலருக்கு முழுமையாக அடங்காது. சொஃப்டின் ஒரு துணை ஆய்வில் முதல் வருடத்துக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஒருதடவையாவது ஈஸ்ட்ரடையோல் எதிர்பார்த்த எல்லைக்கு மேல் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அளக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். நிரோதி போடுகிறவரின் ஈஸ்ட்ரடையோல் மில்லிலீற்றருக்கு ஒரு பிக்கோகிராமுக்கும் கீழே போகலாம். அன்டிபொடியை வைத்து அளக்கும் சாதாரண கருவிக்கு அந்த ஆழம் எட்டாது. எக்செமெஸ்டேன் போடுகிறவரில் அது ஸ்டீரொயிட் வடிவ மருந்தையே ஈஸ்ட்ரடையோல் என்று எண்ணிப் பொய்யாக உயர்த்திக் காட்டவும் கூடும். திரவ நிறப்பகுப்போடு திணிவு நிறமாலை சேர்ந்த முறையில் செய்யும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை, காசுதான் வீண்.

வருடக்கணக்கில் நிரோதி போட்ட பிறகு நோய் திரும்பினால், கட்டி இந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டிய வழி என்னவென்று பார்ப்பார்கள். சிலவற்றில் ஈஸ்ட்ரஜன் வாங்கியே மாறி, ஓமோன் இல்லாமலே இயங்கத் தொடங்கியிருக்கும். 537, 538ஆம் இடங்களில் வரும் மாற்றங்கள் இதில் பிரபலமானவை. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், நிரோதி எடுத்துத் திரும்பிய கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் சிவைபி19ஏ1 பரம்பரையலகின் பிரதிகளே பெருகியிருந்தன. அயலிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கட்டி, தானே அரோமற்றேஸ் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது.

வீட்டு விஷயங்கள் சில. அம்மாவுக்கு விரல் மூட்டும் முழங்காலும் காலையில் விறைத்துக்கொண்டால் அது பெரும்பாலும் குளிசையின் விளைவு. நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லட்டும், வேறொரு நிரோதிக்கு மாற்றினால் பலருக்குத் தணிகிறது. என்பும் தேயும். தொடக்கத்தில் என்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் ஒன்றும் பிறகு ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒன்றும் நல்லது. கல்சியம் நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. வரை தேவை. குரக்கன் மா 100 கிராமில் 340 மி.கி. அளவில் உண்டு, முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் சாளையும் நம் கடற்கரையில் தாராளம். வெயில் ஊரில் இருக்கிறோம் என்பதால் விற்றமின் டி போதும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் உடலை மூடி உடுப்பவர்களுக்கும் குறைவு சாதாரணம். சோயாமீற் வாரத்தில் ஒருநாள் கறிவைத்தால் கேடில்லை, சோயாச் சாறு அடைத்த குளிசைகள் வேண்டாம். சித்தி தமொக்சிபென் போடும் காலத்தில், மனச்சோர்வுக்கு பரொக்சிடீனோ புளுவொக்சிடீனோ கொடுக்கப்பட்டால் மருத்துவரிடம் நினைவூட்ட வேண்டும். அவை தமொக்சிபெனை வலுவான வடிவமாக்கும் ஈரல் நொதியத்தை மறிக்கின்றன.

குளிசைப் பெட்டியை 30 பாகைக்குக் கீழ் வைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சமையலறைத் தட்டும் ஜன்னலோரமும் அதைத் தாண்டிவிடும். சித்திக்குப் பின்னர் ஊசி வழி தீர்மானமானால், 28 நாள் என்பது தளர்வான எண் இல்லை. மகரகமவுக்கோ மட்டக்களப்புக்கோ கிளினிக்குக்குப் போகிறவர்கள், மார்கழி வெள்ளத்தில் பாதை மறிபட்டால் என்ன செய்வது, ஊசியைத் திருகோணமலையிலேயே போட ஒழுங்கு செய்யலாமா என்று முன்கூட்டியே கேட்டு, அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதிவாங்க வேண்டும். பிந்தினால் முதலில் விழிப்பது அந்த 2ஆம் ஆளிதான்.